உங்களுக்குத் தெரியுமா? வாரம் 30 பவுண்டில் தொடங்கிய வார்டி

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜேமி வார்டியை, உள்ளூர் கிளப்பான ஷெஃபீல்டு வென்ஸ்டே 16 வயதில் கழற்றிவிட்டது. காரணம்? உயரம் போதவில்லையாம்!

அடுத்துச் சேர்ந்த ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற சின்ன கிளப்பில் சம்பளம் வாரத்துக்கு 30 பவுண்ட். வயிற்றுப்பாட்டுக்கு, கை, கால்களைத் தாங்கும் மருத்துவப் பட்டைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. இடையில் ஓர் அடிதடி வழக்கில் தண்டனை பெற்று, காலில் மின்னணுப் பட்டையும் மாலை நேரக் கட்டுப்பாடும் வேறு. சில வெளியூர் ஆட்டங்களில் பாதியிலேயே வீட்டுக்கு ஓடினார்.

அடுத்து ஹாலிஃபாக்ஸ், பிறகு ஃப்ளீட்வுட் கிளப்புகள். ஃப்ளீட்வுட்டில் 2011-12 சீசனில் 31 லீக் கோல்கள் அடித்ததும் லெஸ்டர் சிட்டி 10 லட்சம் பவுண்ட் கொடுத்து வாங்கியது. தொழில்முறை லீக்குகளுக்கு வெளியே ஆடிய ஒருவருக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை.

2015-இல் தொடர்ந்து 11 பிரீமியர் லீக் ஆட்டங்களில் கோல் அடித்து, ரூட் வான் நிஸ்டல்ராயின் சாதனையை முறியடித்தார். அதுவும் நிஸ்டல்ராயின் பழைய அணியான மான்செஸ்டர் யுனைடெடுக்கு எதிராகவே! பந்தயக்காரர்கள் 5000-க்கு 1 வாய்ப்பே என்று ஒதுக்கிய லெஸ்டர், அந்த சீசனில் பிரீமியர் லீக் கோப்பையை வென்றது.

33 வயதில் 23 கோல்களுடன், லீக்கில் அதிக கோல் அடித்தவருக்கான ‘தங்கக் காலணி’ விருது. அந்த விருதை வென்றவர்களில் மூத்தவர் இவர்தான்.

2025 மே மாதம், லெஸ்டருக்கான கடைசி ஆட்டம். அது அவருக்கு 500-ஆவது. அதில் அடித்த கோல் 200-ஆவது. ஓய்வு பெறுவார் என்று பார்த்தால், 38 வயதில் இத்தாலியின் கிரெமோனேசே அணிக்குக் கிளம்பிவிட்டார்.