பேடில்போர்டு பிரியருக்குப் பிறந்தநாளா? பயன்படுற பரிசா கொடுங்க!

முகப்பேரில் கடல் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே எழுந்து, சுமார் 45 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவளத்துக்குக் கிளம்பும் ஒருவர் உங்கள் வீட்டிலோ, பக்கத்து ஃபிளாட்டிலோ இருக்கலாம். பலகைமேல் நின்றபடி துடுப்பு போடும் ஸ்டாண்ட்-அப் பேடில்போர்டிங் மோகம் அப்படி! தேசியப் போட்டிகளில் பலமுறை பட்டம் வென்ற சேகர் பச்சை தமிழ்நாட்டுக்காரர்தான்.

இப்படிப்பட்டவருக்கு இன்னொரு டி-ஷர்ட், இன்னொரு கடிகாரம் எதற்கு? தண்ணீரில் கைகொடுக்கும் பொருளை வாங்கிக் கொடுங்கள்.

உயிர் காப்பது முதலில்

கோடைக் காலையில் நம் கடற்கரையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் தண்ணீர் அமைதியாகத் தெரியும். ஆனால், நிற்பவரின் உடம்பே பாய்மரம்போல் காற்றை வாங்கி, பலகையை உள்ளே தள்ளிக்கொண்டு போகும். அவர் தவறி விழுந்தால், ஆளில்லாத பலகை நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் நகர்ந்துவிடும்.

அதனால்தான் காலையும் பலகையையும் இணைக்கும் 'லீஷ்' கயிறு முக்கியம். அமைதியான நீருக்குச் சுருள் வகை, அலைக்கு நேர் வகை. ஓடும் ஆற்றில் என்றால், இழுத்தவுடன் கழன்றுவிடும் இடுப்பு லீஷ்தான் சரி. கயிறு எதிலாவது சிக்கினால் காலில் கட்டியதைக் குனிந்து அவிழ்ப்பது கஷ்டம்.

அடுத்து, கை அசைக்கத் தோதான லைஃப் ஜாக்கெட். எடையும் மார்பளவும் கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு விசிலைக் கட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

வெயிலுக்கும் உப்புக்கும்

முழுக்கை ரேஷ்கார்டு, தாடையில் கட்டும் தொப்பி, எஸ்பிஎஃப் 30-க்கு மேற்பட்ட வாட்டர் ரெசிஸ்டன்ட் சன்ஸ்கிரீன் (இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்), மிதக்கும் கண்ணாடிக் கயிறு... எல்லாமே தினம் பயன்படும். போன், சாவி, மாற்றுத்துணிக்கு 10 அல்லது 20 லிட்டர் ட்ரை பேக் போதும். வாயை மூன்று முறையாவது மடித்துப் பூட்டினால்தான் தண்ணீர் புகாது. துவட்டவும் உடை மாற்றவும் நம்ம ஊர் ஈரிழைத் துண்டும் லுங்கியும் போதுமே!

காற்றடைக்கும் பலகை வைத்திருக்கிறாரா?

அதற்குப் பெரும்பாலும் 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தம் தேவை. கார் டயர் பம்ப் அழுத்தம் தரும். ஆனால் பலகைக்குள் போக வேண்டிய காற்று நூற்றுக்கணக்கான லிட்டர். நிரப்புவதற்குள் பம்ப் சூடேறிவிடும். பேடில்போர்டுக்கென்றே இருக்கும் எலெக்ட்ரிக் பம்ப் வாங்கினால் தோள்வலி மிச்சம். பட்ஜெட் குறைவா? பிவிசி ஒட்டுத்துண்டும் பசையும் உள்ள ரிப்பேர் கிட் கொடுக்கலாம். காற்றடைத்த பலகையை வெயிலில் விட்டால் உள்ளழுத்தம் ஏறி ஒட்டு பிரியும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

இதை மட்டும் நீங்களே வாங்காதீர்கள்

பலகையும் துடுப்பும் ஆளுக்கு ஆள் மாறும். துடுப்பு, பொதுவாக அவர் உயரத்தைவிட 6 முதல் 10 அங்குலம் அதிகம் இருக்க வேண்டும். அவரையே கடைக்கு அழைத்துப் போவது உத்தமம். புதிதாக ஆரம்பிப்பவர் என்றால், பயிற்சிப் பள்ளியில் இரண்டு வகுப்புக்குப் பணம் கட்டிவிடுங்கள்.

பரிசைக் கொடுக்கும்போது இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்: "கூட யார் வர்றாங்க? எத்தனை மணிக்குத் திரும்புவே?" வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் சீறும்போது, "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லவும் தயங்காதீர்கள்.