மலர்வளையம் வைத்தால் கணக்கு தீர்ந்துவிடுமா?

டிசம்பர் 25, டிசம்பர் 26. நாள்காட்டியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் இந்த இரண்டு தேதிகளையும் காரைக்கால் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

26-ம் தேதி காலையில் கடற்கரையில் கூட்டம் கூடும். அமைச்சர், ஆட்சியர், அதிகாரிகள் வருவார்கள். 2004-ல் ஆழிப்பேரலையில் மாண்டவர்களுக்கு மலர்வளையம் வைப்பார்கள். மீனவக் கிராமங்களில் அன்று படகு இறங்காது. பெண்கள் கடலில் பால் ஊற்றிப் பூப் போட்டு அழுவார்கள். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் சுனாமிக்குப் பலியானவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் பகுதியினர். அந்த அழுகையில் பொய் ஏதும் இல்லை.

முந்தின நாள் கிறிஸ்துமஸ். தேவாலயத்துக்குப் போகிறவர்கள் போவார்கள். தலத்தெரு, கோட்டுச்சேரி, நெடுங்காடு பக்கத்துத் தலித் குடியிருப்புகளில் இன்னொரு பயணத்துக்குக் கிளம்புகிறவர்களும் உண்டு. நாகூர், நாகப்பட்டினம் வழியாகக் கீழ்வேளூர். அங்கிருந்து தேவூர் தாண்டிக் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவில் ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட ஊர். அங்கே செங்கொடி ஏற்றுவார்கள், முழக்கம் போடுவார்கள், நினைவிடத்தில் மாலை வைப்பார்கள். சிவப்பு, நீலம், கறுப்பு என்று பல கொடிகள் வரும். அரசு நிகழ்ச்சிப் பட்டியலில் மட்டும் அந்த நாள் வராது.

இந்தப் பயணம் கிளம்பும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே கிளம்புகிறது. "அரை நூற்றாண்டு தாண்டியாச்சு. இன்னும் எத்தனை வருஷத்துக்கு அதையே பேசிக்கிட்டு இருப்பீங்க?" ஊர்த்தெருவிலிருந்து மட்டும் இந்தக் கேள்வி வருவதாக இருந்தால் நாம் இந்தப் பத்தியை எழுத வேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளே கேட்கிறார்கள். படித்து, வேலைக்கு விண்ணப்பித்து, வெளியூரில் அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகள். எரிக்கப்பட்டவர்களின் வம்சம் என்கிற அடையாளத்தைச் சுமந்துகொண்டு எந்த அலுவலகத்துக்குள் நுழைவது என்பது அவர்களின் சங்கடம். அதைத் துரோகம் என்று திட்டுவது சுலபம். நாம் திட்டப் போவதில்லை. அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

யாருக்கு மறதி, யாருக்கு விழா

முதலில் ஒன்றைக் கவனிப்போம். மறந்துவிட்டு முன்னேறுங்கள் என்ற அறிவுரை எல்லோருக்கும் சொல்லப்படுவதில்லை. பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் கைமாறிய 1954 நவம்பர் 1-ஐயும், சட்டப்படி கைமாறிய 1962 ஆகஸ்ட் 16-ஐயும் புதுச்சேரி அரசு தனித்தனியே கொடியேற்றிக் கொண்டாடுகிறது. ஒரே விடுதலைக்கு இரண்டு நாள். போதும், ஒன்றாகச் சுருக்கிக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை; சொல்லவும் வேண்டாம். 1947 பிரிவினையின் கொடுமைகளை மறக்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2021-ல் ஆகஸ்ட் 14-ஐ நினைவு நாளாகவே அறிவித்தது. எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு துயரத்துக்கு நாள் குறிக்க முடிகிற நாட்டில், 1968 மட்டும் பழங்கதை ஆகிவிடுமா?

இன்னொரு நினைவு நாள் செய்த வேலையையும் சொல்லியாக வேண்டும். மதுரை மாவட்டம் மேலவளவில் தனி ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரைத் தமிழக அரசு 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுவித்தது. காரணமாகக் காட்டப்பட்டது எம்.ஜி.ஆர். நூற்றாண்டு. ஒரு தலைவரை நினைவுகூர்வதற்காக, நம்மில் ஒரு தலைவரைக் கொன்றவர்களுக்குக் கதவு திறந்தது. ஆக, நாடு மறதியில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. யாரை நினைப்பது என்பதை யார் தீர்மானிப்பது என்பதில்தான் நம் வழக்கு இருக்கிறது.

தெய்வமாக்கி மறப்பது

நினைவுகூர்வதை நமக்கு எந்தக் கட்சியும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம், ஆண்டுத் திதி, ஆடி அமாவாசை, தை அமாவாசை என்று துக்கத்துக்கு முறை வகுத்தவர்கள் டெல்டாக்காரர்கள். அநியாயமாகச் செத்தவர்களுக்கு அதற்கும் மேலே ஒரு மரியாதை உண்டு. கழுவேறிய காத்தவராயனும், மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனும் நம் தெருமுனையில் சாமியாக நிற்கிறார்கள். படையல் நடக்கிறது, கூத்து நடக்கிறது. கொலையுண்டவனை ஊர் கைவிடவில்லை.

ஆனால் இந்த முறையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. செத்தவன் சாமி ஆகிறான். கொன்றவன் கதையிலிருந்து மெல்ல நழுவிவிடுகிறான். சாதி மீறிய காதலுக்காகக் கழுவில் ஏற்றினார்கள் என்பது போய், எல்லாம் முற்பிறவிச் சாபம் என்று கதை முடிகிறது. நந்தன் கதையும் அப்படித்தான். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர் தில்லைக்குள் நுழைய வேண்டுமானால் தீயில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று புராணம் சொன்னது. அதை நூற்றாண்டுகளாகப் பக்தியின் உச்சம் என்று பாடினோம். உள்ளே போக ஒரு மனிதனுக்கு எதற்கு நெருப்பு என்று கேட்க, நம் காலத்துத் தலித் எழுத்தாளர்கள் வர வேண்டியிருந்தது.

வெண்மணிக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்பது நம் கவலை. 44 பேரைத் தியாகிகள் என்கிறோம். மரியாதையான சொல், குறை சொல்லவில்லை. ஆனாலும் அவர்கள் உயிரைக் கொடுக்கவில்லை, பறித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அடியாட்களுக்குப் பயந்து ஒளிந்துகொள்ளத்தான் அந்தக் குடிசைக்குள் போனார்கள். வெளியே தாழிட்டுக் கொளுத்தினார்கள். தியாகி என்று மட்டும் சொல்லிச் சொல்லி, கொளுத்தியவர் யார், எதற்கு என்பது மங்கிவிடக் கூடாது.

எதற்கு? அறுவடைக் கூலியைக் கொஞ்சம் நெல் உயர்த்திக் கேட்டார்கள். செங்கொடியை இறக்கிவிட்டு மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேரச் சொன்னபோது மறுத்தார்கள். பண்ணையாள் சங்கம் வைப்பதா, அதுவும் சேரிக்காரன் வைப்பதா என்ற ஆத்திரம். கூலிச் சண்டையா, சாதிக் கொலையா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காவிரிப் படுகையில் கூலியும் சாதியும் ஒரே வரப்பில் இருந்தவை. செத்தவர்களின் குடியிருப்பு எது என்று பார்த்தாலே பட்டிமன்றம் முடிந்துவிடும்.

வழக்கு என்ன ஆனது? நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குக் கீழ் நீதிமன்றம் 1970-ல் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் நேரில் நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற பொருளில் தீர்ப்பில் எழுதப்பட்டது. அதே நாளில் மிராசுதார் தரப்பில் பக்கிரிசாமி என்பவர் கொல்லப்பட்ட வழக்கில் கூலித் தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள். 44 உயிர்களுக்குச் சட்டத்தின் கணக்கில் கொலையாளி இல்லை. இந்த வரி எழுதப்பட்டிருக்கும்வரை 'பழசை விடுங்கள்' என்பதற்கு ஒரே அர்த்தம்தான்: பாக்கியைத் தள்ளுபடி செய்யுங்கள்.

கடல் செய்ததும் மனிதர் செய்ததும்

இனி 26-ம் தேதிக்கு வருவோம். அலைக்குச் சாதி தெரியாது என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அலை வடிந்த பிறகு வந்த நிவாரணத்துக்குத் தெரிந்திருந்தது.

நாகை மாவட்ட முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கிவைக்கப்பட்டதும், பொதுத் தண்ணீரில் கைவைக்கவிடாமல் தடுக்கப்பட்டதும் 2005 ஜனவரியிலேயே பத்திரிகைகளிலும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளிலும் வந்துவிட்டன. படகு போனவருக்குப் படகு, வலை போனவருக்கு வலை. சரி, கொடுக்க வேண்டியதுதான். கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்த தலித் பெண்ணுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. ஆகவே இழப்பும் இல்லை என்று ஆனது. உப்புநீர் புகுந்த வயலுக்கு ஏக்கர் கணக்கில் இழப்பீடு கணக்கிட்டார்கள். மண்ணைத் தேற்ற ஜிப்சம் போட்டார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். அந்த வயலில் நடவு, களை, அறுப்பு என்று பிழைத்தவர்களுக்கு எத்தனை போகம் வேலை போனது என்ற கணக்கைத் தொடக்கத்தில் யாரும் எடுக்கவில்லை. பட்டா இருந்தால் பாதிக்கப்பட்டவர். கூலியென்றால் வெறும் பார்வையாளர். தலத்தெரு மாதிரி கோயிலும் வயலுமாக இருக்கும் ஊர்களின் கூலிக்காரர்கள் 'சுனாமி பாதித்தோர்' என்ற சொல்லுக்குள் எப்போதும் சரியாக அடங்கியதே இல்லை.

பிணங்களை எடுத்தது யார்? மீனவர்கள் தங்கள் சொந்தங்களைத் தேடி எடுத்தார்கள். தன்னார்வலர்கள் வந்தார்கள். நாள் ஆக ஆக, முள்வேலியிலும் சேற்றிலும் கிடந்து அழுகியவற்றை எடுக்க, பல ஊர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். கையுறைகூட ஒழுங்காக இல்லாமல் வேலை செய்தார்கள். அந்த வாடையோடு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் கிடந்தவர்கள். ஆண்டுதோறும் வைக்கிற மலர்வளையத்தில் அவர்களுக்கு ஒரு பூவும் இல்லை.

இதனால் 26-ம் தேதி நிகழ்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கடல் யாருக்கும் கடன்படவில்லை. அதனிடம் வழக்குப் போட முடியாது. அழுதுவிட்டு வருவது முறைதான். மனிதர்கள் செய்த பாரபட்சத்தையும் அந்த அழுகைக்குள் கரைத்துவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

24-ம் தேதி ஒன்றும் உண்டு

இந்த வரிசையில் காரைக்கால் அறவே மறந்துபோன தேதி இன்னொன்று இருக்கிறது. 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கரீபியக் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பை அடைந்தது. கறுப்பின அடிமைமுறை 1848-ல் ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குப் பிரெஞ்சிந்தியத் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் போயின. காரைக்காலும் அதில் ஒரு துறைமுகம். தஞ்சைச் சீமையின் பஞ்சத்துக்கும் பண்ணைக்கும் தப்பி ஏறியவர்களில் கணிசமானோர் நம் ஆட்கள். அங்கே அவர்களின் வழித்தோன்றல்கள் நினைவுச் சின்னம் எழுப்பி அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். தமிழ் மறந்துபோனவர்கள் அவர்கள்; மாரியம்மனையும் மதுரை வீரனையும் மறக்கவில்லை. வழியனுப்பிய கரையில் அந்தத் தேதி யாருக்கும் தெரியாது. முழுசாக மறந்து பார்த்தாயிற்று. அதனால் நாம் என்ன முன்னேறிவிட்டோம் என்று பிள்ளைகளிடம் திருப்பிக் கேட்கலாம்.

நினைவு நிலமான கதை

பிள்ளைகளின் சங்கடத்துக்குப் பதில் சொல்வதாகச் சொன்னோம். சோகத்தை மட்டும் அவர்களிடம் ஒப்படைத்தால் அவர்கள் வேண்டாம் என்பது நியாயம். ஒப்படைக்க வேறு சொத்தும் இருக்கிறது.

வெண்மணிக்குப் பிறகுதான் அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அது கீழத்தஞ்சைக்கான சட்டம்; கடல் போக மூன்று பக்கமும் தஞ்சைச் சீமையால் சூழப்பட்ட காரைக்காலுக்கு இல்லை. (எல்லை எங்கே என்று இன்றும் வயலைப் பார்த்துச் சொல்ல முடியாது, சாராயக்கடை போர்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கூலி மட்டும் அந்தக் கோட்டை மதித்தது.) கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் வெண்மணிச் செய்தி கேட்டு வந்தவர், டெல்டாவிலேயே தங்கினார். கணவர் ஜெகந்நாதனோடு 1981-ல் லாப்டி அமைப்பைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் ஆளுக்கு ஓர் ஏக்கர் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பத்திரங்கள் ஒவ்வொன்றும் வெண்மணியின் நினைவுச் சின்னம்தான். அதில் தேங்காய் உடைக்க முடியாது, நாற்று நடலாம்.

கூட்டம் முடிந்ததும் கொடியைச் சுருட்டிக்கொண்டு திரும்பும் நினைவு நாள் நமக்கும் அலுத்துப்போய்விட்டது. டிசம்பர் 25 அன்று காரைக்கால் பகுதித் தலித் குடியிருப்புகளில் வீட்டுமனைப் பட்டா எத்தனை பேருக்கு வந்திருக்கிறது, எத்தனை பேர் இன்னும் கோயில் நிலத்திலும் புறம்போக்கிலும் இருக்கிறார்கள், நடவுக் கூலி ஆணுக்கு என்ன, பெண்ணுக்கு என்ன என்று தெருத்தெருவாகக் கணக்கெடுத்து வாசிக்கலாம். அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே தாளை எடுத்து ஒப்பிடலாம். தலத்தெருவில் இதைச் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நாலு கல்லூரிப் பிள்ளைகளும் போதும். சங்கடப்படுகிற பிள்ளைகள்தான் இதற்குச் சரியான ஆட்கள். கணக்கு கேட்பவனை யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை.

26-ம் தேதிக்கு நம்மிடம் ஒரு கோரிக்கைதான். 2004 டிசம்பரிலும் 2005 ஜனவரியிலும் காரைக்கால் கடற்கரையில் பிணம் எடுத்த துப்புரவுத் தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியலை மாவட்ட நிர்வாகம் தயாரித்து, அன்றைய நிகழ்ச்சியில் வாசிக்க வேண்டும். தள்ளிப்போடக் கூடாது. அன்று முப்பத்தைந்து வயதில் இருந்தவர் இன்று பணி ஓய்வுக்கு அருகில் இருக்கிறார். ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களுக்குப் பணிப் பதிவேடே கிடையாது. கூட வேலை பார்த்தவர்கள் சொன்னால்தான் பெயர் தெரியும். சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.