பெசலெயேலின் வரம், தபீத்தாளின் வரம்

சென்ற வாரம் அந்நியபாஷை வரத்தால் கொரிந்து சபையில் எழுந்த பூசலைப் பார்த்தோம். அந்தச் சபைக்குப் பவுல் எழுதிய நிருபத்தை வாசிக்கும் நம்மில் பலர், வரம் என்றால் பிரசங்கம், தீர்க்கதரிசனம், சுகமளித்தல் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதெல்லாம் ஊழியக்காரர்களுக்கு; ஆராதனைக்கு வந்து, காணிக்கை போட்டு, திருவிருந்து எடுத்து வீடு திரும்பினால் நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். நம் சபைகளை வாட்டும் பெரிய நோய் இதுதான் என்பேன்.

யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தம்முடைய ஆவியால் நிரப்பினேன் என்று கர்த்தர் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பெசலெயேல் ஆசாரியன் அல்ல, தீர்க்கதரிசியும் அல்ல. யூதா கோத்திரத்துக் கைவேலைக்காரன். பொன், வெள்ளி, வெண்கலம், இரத்தினக்கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்யவே அவனுக்கு அந்த நிறைவு அருளப்பட்டது. அவனுக்கும் அவனோடு நின்ற அகோலியாபுக்கும் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் மனதையும் கர்த்தர் தந்தார் என்று 35-ஆம் அதிகாரம் சொல்கிறது. உங்கள் சபையில் கொத்தனார், எலக்ட்ரீஷியன், தையல்காரர் எத்தனை பேர்? அவர்கள் கைவேலைக்காக யாராவது ஒருநாள் ஜெபித்திருக்கிறோமா?

ரோமர் 12-ல் பவுல் தீர்க்கதரிசனத்தைச் சொன்ன கையோடு கொடுப்பதையும் இரக்கம் செய்வதையும் வரங்களாகச் சொல்லிவிடுகிறார். இரக்கம் எப்படி வரமாகும் என்று கேட்பவர்கள் அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். யோப்பாவில் தபீத்தாள் இறந்துபோனாள். லித்தாவிலிருந்து பேதுருவை அழைத்துவருகிறார்கள். மேல்வீட்டில் விதவைகள் அழுதுகொண்டே அவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அவர்கள் எடுத்துக் காட்டியது, அவள் உயிரோடிருந்தபோது தைத்துக் கொடுத்த அங்கிகளை. அவள் கூட்டத்தில் எழுந்து பேசியதாக லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனாலும் அவளைச் சீஷி என்றே அழைக்கிறார்.

நம் வரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்வித்தாளில் மதிப்பெண் போட்டுப் பார்க்கும் பழக்கம் இப்போது நம் முகாம்களிலும் வந்திருக்கிறது. யோசிக்க உதவும், அதற்குமேல் அதை நான் நம்புவதில்லை. கண்ணெதிரே இருக்கும் தேவையில் கைவைத்தால்தான் வரம் வெளிப்படும். எந்தச் சபையிலும் ஒரு அக்கா இருப்பார். ஆராதனை முடிந்து வெளியே வரும்போதே இன்று யார் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் நிற்பார்; காய்ச்சலா, கடன் தொல்லையா, மனத்தாங்கலா என்று விசாரித்து ஜெபித்துவிட்டு வருவார். அவரிடம் உங்களுக்கு என்ன வரம் என்று கேளுங்கள். “எனக்கு என்ன தம்பி தெரியும், நான் படிக்காதவ” என்பார். அது மேய்ப்பனின் வரம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா, படிக்காதவர்களுக்கும் வரம் உண்டு என்பதை நன்றாக அறிந்திருந்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகி, இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணகல்லில் பணிசெய்தார். அங்கே சபைக்குள் வந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத தலித் விவசாயக் கூலிகள். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் கைவைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று அறிக்கையிடச் செய்வார். முதலில் படிக்கட்டும், பிறகு ஊழியம் செய்யட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அந்தக் கூலிகள் தங்கள் உறவினரிடம் போய்ப் பேசினார்கள். கிராமம் கிராமமாகச் சபை வளர்ந்தது.

போதகர்களுக்கும் ஒரு வார்த்தை. விசுவாசிகளை ஊழியத்துக்குச் சீர்ப்படுத்தவே போதகர்கள் தரப்பட்டார்கள் என்கிறது எபேசியர் 4. எல்லா வேலையையும் ஐயர் ஒருவரே இழுத்துப்போட்டுச் செய்கிற சபையில் மற்றவர்கள் வரம் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

அன்பானவர்களே, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உடனே வண்டியை எடுக்காதீர்கள். உங்கள் சபையில் ஒருவரிடம் நீங்கள் காணும் வரத்தை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். உங்களிடம் என்ன காண்கிறார் என்று அவரையும் கேளுங்கள். அவர் சொல்வதை ஜெபத்தில் வைத்து, அந்த வாரமே ஒரு வேலையைத் தொடங்குங்கள்.

(தொடரும்)