கண்ணாடியில் படம் வரவில்லை என்றால் யார் பொறுப்பு?

சிங்கப்பூரின் டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் மூன்று ரயில் தடங்கள் சேர்கின்றன. மேலே பிளாசா சிங்கப்பூரா, நடந்தே போகும் தூரத்தில் சிம் லிம் ஸ்குவேர், இன்னும் கொஞ்சம் நடந்தால் தேக்கா. சின்னக் கணினி, மாற்றி, கம்பி என்று தேடுகிறவர்கள் சுற்றிவரும் வட்டாரம் இது. அண்மைக் காலமாக அந்தப் பட்டியலில் திரைக்கண்ணாடியும் சேர்ந்திருக்கிறது. எக்ஸ்ரியல், ரோகிட், விட்சர் போன்ற நிறுவனங்கள் விற்கும் இந்தக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டால் கண்ணெதிரே பெரிய திரை தெரியும். பல நூறு வெள்ளி கொடுத்து அதை வாங்கி, வீட்டில் இருக்கும் ‘ரஸ்பெர்ரி பை’ என்ற சின்னக் கணினியோடு இணைத்தால் பலருக்கு முதலில் தெரிவது வெறும் இருட்டுதான். கடைக்குத் திரும்பிப் போனால், “உங்கள் கணினியில்தான் கோளாறு” என்ற பதில் வரலாம். வாங்கியவருக்கு மறுத்துப் பேசத் தெரியாது. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால்தான் சட்டம் தரும் உரிமையைக் கேட்டு வாங்க முடியும்.

ரஸ்பெர்ரி பை 4, 5 ஆகிய இரண்டு பலகைகளின் ஓரத்திலும் ஒரு யூஎஸ்பி-சி துளை இருக்கிறது. கண்ணாடிக் கம்பியின் முனையும் அதே வடிவம்தான். மாட்டினால் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் படம் வராது. அந்தத் துளை மின்சாரத்துக்கும் சாதாரணத் தரவுக்கும் மட்டுமே. படம் வெளியே போவது அதன் பக்கத்தில் உள்ள இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகள் வழியாக. கண்ணாடியோ யூஎஸ்பி-சிக்குள் டிஸ்பிளேபோர்ட் எனும் படச் சமிக்ஞை வரும் என்று காத்திருக்கிறது. இது கைப்பேசிக்கும் பொருந்தும். ஐபோன் 15 யூஎஸ்பி-சி வழியாகப் படத்தை அனுப்பும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு பேசிகள் பலவற்றில் அதே துளை இருந்தும் அந்த வசதி இருக்காது.

ஆகவே பைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மாற்றி தேவை. பலர் காசைக் கோட்டைவிடுவது இங்கேதான். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மாற்றி, மடிக்கணினியின் யூஎஸ்பி-சியிலிருந்து தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐக்குப் படத்தை அனுப்புவது. நமக்கு வேண்டியது நேர் எதிர்த்திசை. முனைகளைப் பார்த்தால் திருப்பி மாட்டிவிடலாம் போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் சில்லு ஒரு திசையில்தான் வேலை செய்யும். சரியான திசை கொண்ட மாற்றியை வாங்கினாலும் அதற்குத் தனி மின்சாரம் வேண்டும். எச்டிஎம்ஐ கம்பியிலும் 5 வோல்ட் வருகிறது, ஆனால் அதில் உறுதியாகக் கிடைப்பது 55 மில்லிஆம்பியர்தான். கண்ணாடியை எரியவைக்க அது போதாது. அதனால் மின்சாரம் செலுத்த இன்னொரு துளை உள்ள மாற்றியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கம்பியும் ஏமாற்றும். கைப்பேசியோடு வரும் மின்னேற்றக் கம்பிகள் பலவற்றில் படத்தைக் கொண்டுபோகும் அதிவேக இழைகளே கிடையாது. கண்ணாடியோடு வந்த கம்பியை மட்டும் பயன்படுத்துங்கள். பையில் மின்சாரத் துளைக்கு அடுத்ததாக உள்ள முதல் எச்டிஎம்ஐ துளையில் மாட்டி, எல்லாவற்றையும் இணைத்த பிறகு கணினியை முடுக்குங்கள். கண்ணாடி முப்பரிமாண நிலையில் இருந்தால் அது 3840க்கு 1080 புள்ளிகள் உள்ள அகலப் படத்தைக் கேட்கும். மாற்றிகள் சில அங்கே திணறும். சாதாரண 1920க்கு 1080 நிலைக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் இருட்டாகவே இருந்தால் ஒவ்வொரு பொருளையும் தனியாகச் சோதிக்க வேண்டும். படம் அனுப்பும் வசதி உண்டு என்று உறுதியாகத் தெரிந்த கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ கண்ணாடியை நேராக மாட்டுங்கள். படம் வந்தால் கண்ணாடியில் குறையில்லை. அடுத்துப் பையை எச்டிஎம்ஐ கம்பியால் வீட்டுத் தொலைக்காட்சியில் இணையுங்கள். அதிலும் படம் வந்தால் மிஞ்சியது மாற்றிதான். இந்தச் சோதனைகளைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்து வையுங்கள். கடைக்காரரிடம் பேசும்போது அதுதான் உங்கள் கையிலுள்ள சான்று.

குறை உற்பத்தியாளரிடமும் இருக்கலாம். 2019இல் பை 4 வெளிவந்தபோது அதன் யூஎஸ்பி-சி துளையின் மின்சுற்று வடிவமைப்பிலேயே தவறு இருந்தது. அடையாளச் சில்லு பொருத்திய தரமான கம்பிகளைச் செருகினால் பலகைக்கு மின்சாரமே ஏறவில்லை. நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு, பின்னர் வந்த பலகைகளில் திருத்தியது.

இனி சட்டம். பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தில் ‘லெமன் சட்டம்’ எனப்படும் பகுதி 2012 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நடப்பில் இருக்கிறது. பொருளைப் பெற்ற 6 மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது விற்கும்போதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடையுடையது. முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். நியாயமான காலத்தில் அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ, பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணமோ கேட்கலாம். கடையிலிருந்து வாங்கிய பழைய பொருளுக்கும் இது பொருந்தும், ஆனால் அதன் வயதும் விலையும் கணக்கில் வரும். இணையத்தில் தனிநபர் ஒருவர் தம் சொந்தப் பொருளை விற்றால் இந்தச் சட்டம் வராது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பற்றுச்சீட்டில் அச்சிட்டிருப்பதால் உங்கள் உரிமை போய்விடாது. “உத்தரவாதம் கொடுத்த நிறுவனத்திடம் போங்கள்” என்று கடை தட்டிக்கழிக்கவும் முடியாது, ஏனென்றால் பணம் வாங்கியது கடைதான்.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தவறான திசை கொண்ட மாற்றி கெட்டுப்போன பொருள் இல்லை. தன் வேலையை அது ஒழுங்காகவே செய்கிறது, உங்கள் தேவைக்குத்தான் உதவவில்லை. நீங்களாக எடுத்துப் பணம் கட்டியிருந்தால் கேட்க வழி குறைவு. “ரஸ்பெர்ரி பை 5இலிருந்து இந்தக் கண்ணாடிக்குப் படம் போக வேண்டும்” என்று சொல்லி, விற்பனையாளர் எடுத்துக்கொடுத்ததை நம்பி வாங்கியிருந்தால் நிலைமை வேறு. சொன்ன நோக்கத்துக்குப் பொருள் உதவ வேண்டும் என்பது பொருள் விற்பனைச் சட்டம். அதனால் அந்த ஒரு வரியைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால், கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அதே கேள்வியை அனுப்பிப் பதில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

மின்சாரம் தரும் அடாப்டரில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். சிங்கப்பூரில் விற்கும் அடாப்டருக்கு அது கட்டாயம். பை 5க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் தரும் அடாப்டர் ஏற்றது. திரை ஓரத்தில் மின்னல் குறி தோன்றினால் மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம்.  

கடை மசியாவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். ‘கேஸ்’ என்று அழைக்கப்படும் அந்தச் சங்கம் சமரசம் பேசும், ஆனால் உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இல்லை. 2014 நவம்பரில் சிம் லிம் ஸ்குவேர் கடை ஒன்றில், ஐபோனுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு வியட்னாமியப் பயணி ஒருவர் மண்டியிட்டு அழுத காணொளியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கடையின் உரிமையாளருக்கு மறு ஆண்டு 33 மாதச் சிறை கிடைத்தது. அவர் செய்தது மோசடி. நம் விவகாரம் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. அதற்கு ஏற்ற இடம் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம்.

20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை மன்றம் விசாரிக்கும், இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதியில்லை, கடைக்கும் அப்படித்தான். மனுவை இணையத்திலேயே போடலாம். பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், சோதனைக் காணொளி மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள்.