ஞானஸ்நானம் பெறாதோர்க்கு மீட்பு உண்டா?

மெல்பேர்ன் தொழிற்சாலையொன்றில் என்னோடு இரவு வேலை செய்யும் நண்பர் கத்தோலிக்கர். அவரது அம்மம்மா சைவராகவே வாழ்ந்து இறந்தவர். அவருக்கு மோட்சம் உண்டா என்று ஒருநாள் தேநீர் இடைவேளையில் கேட்டார்.

திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என 1442இல் புளோரன்ஸ் சங்கம் அறிவித்தது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாது, மனச்சாட்சிப்படி வாழ்வோரும் மீட்படையலாம் என்றது 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம்.

ஆனால் எல்லோரும் ஜென்மபாவத்தோடு, கடவுளைப் பிரிந்தே பிறக்கிறார்கள் என்ற அடிப்படை மாறவில்லை. இலங்கை இறையியலாளர் திஸ்ஸ பாலசூரிய 1990இல் வெளியிட்ட 'மரியாளும் மனித விடுதலையும்' என்ற நூலில் இதனையே கேள்விக்குட்படுத்தினார். அப்படியாயின் ஆசியாவின் பெரும்பான்மையோர் பிறப்பிலேயே தள்ளிவைக்கப்பட்டவர்களா? 1997 ஜனவரியில் வத்திக்கான் அவரைச் சபைநீக்கம் செய்தது. ஓராண்டில் அதனை விலக்கிக்கொண்டது.

2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு, ஞானஸ்நானமின்றி இறந்த குழந்தைகள் மீட்படைவர் என நம்ப இடமுண்டு என்றது. உறுதி கூறவில்லை.

நண்பரின் அம்மம்மா குழந்தையுமல்ல, நற்செய்தியை அறியாதவருமல்ல. நாள்தோறும் மாதா கோயில் மணியைக் கேட்டவர். கேட்டும் சைவராக இருந்தவர். சலுகைகள் அவரை எட்டுவது கடினம். பாலசூரியவின் கேள்வி அவரை எட்டுகிறது. அதனாலேயே அக்கேள்வி இன்னும் நம்முடையது.