அரை மணித் தண்ணீர் ஏலம்

ஓமானில், ஹஜர் மலையடிவாரத்து ஊர்களில், அரை மணி நேரத்தை ஏலம் விடுவார்கள். அந்த அரை மணிக்கு ‘அதர்’ என்று பெயர். ஏலம் எடுத்தவர் தோட்டத்துக்கு அந்த நேரம் முழுக்க ஊர் வாய்க்காலின் தண்ணீர் பாயும். நேரம் முடிந்ததும் மடையை அடைத்து அடுத்தவருக்குத் திருப்பிவிட வேண்டும். விலை கூவுபவர் ‘தல்லால்’. வரவு செலவு எழுதுபவர் வேறொருவர். வசூலாகும் பணம் எந்தத் தனியாளுக்கும் போவதில்லை. அது வாய்க்காலின் பணம்.

பொதுச் சொத்தை உள்ளூர் விவசாயிக்குக் குத்தகை விடுவது நமக்குப் பழகிய வழக்கம்தான். கோயில் நிலம், கண்மாய் மீன், கரையில் நிற்கும் கருவேலமரம் என்று எத்தனையோ ஏலம் பார்த்திருக்கிறோம். வளைகுடாவில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. சென்னையில் ஓராண்டில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஓமானின் சராசரியோ 100 மில்லிமீட்டர் அளவுதான். தண்ணீர் வராத மண்ணை யாரும் குத்தகைக்குக் கேட்க மாட்டார்கள். அதனால் அங்கே முதலில் குத்தகைக்குப் போவது தண்ணீரின் நேரம்.

அந்த வாய்க்காலை ஃபலஜ் என்கிறார்கள். ஊற்றிலிருந்து வருவது ஒரு வகை, காட்டாற்றுப் படுகையிலிருந்து வருவது இன்னொரு வகை. மூன்றாவதான ‘தாவூதி’ வகைதான் மனித உழைப்பின் உச்சம். மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் தட்டுப்படும்வரை ஒரு தாய்க் கிணறு வெட்டுகிறார்கள். அங்கிருந்து ஊர்வரை, சில இடங்களில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு, பூமிக்கடியில் சுரங்கம் போகிறது. காற்றுக்காகவும் மண்ணை மேலே ஏற்றுவதற்காகவும் வழிநெடுகச் செங்குத்தான துளைகள். சுரங்கத்தின் சரிவு கிலோமீட்டருக்கு ஓரிரு மீட்டர்தான் இருக்கும். சரிவு கூடினால் ஓட்டம் மண்ணை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். இயந்திரம் எதுவும் இல்லாத காலத்தில், விளக்கு வெளிச்சத்தில், குனிந்தபடியே இந்தக் கணக்கைப் பிசகாமல் வெட்டியிருக்கிறார்கள். குறுக்கே காட்டாறு வந்தால் அதன் படுகைக்கு அடியில் தண்ணீரை இறக்கி மறுகரையில் ஏற்றிவிடுவார்கள்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. சுரங்கம், தான் இருக்கும் ஆழத்துக்கு மேலே நிற்கும் நீரைத்தான் வடித்துத் தர முடியும். மழை குறைந்து நீர்மட்டம் இறங்கினால் ஓட்டமும் தானாகச் சுருங்கிவிடும். போர்வெல் அப்படியில்லை, மட்டம் இறங்க இறங்கக் குழாயை இன்னும் ஆழத்துக்கு இறக்கிக்கொண்டே போகலாம்.

பங்கீட்டு முறை அதைவிட அழகு. 24 அதர் சேர்ந்தால் ஒரு ‘பத்தா’, அதாவது அரை நாள். ஒரு சுற்று முடிந்து முறை திரும்பி வர ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். பகலில் நட்டுவைத்த கம்பத்தின் நிழல் தரையில் பதித்த எந்தக் கல்லைத் தொடுகிறது என்று பார்ப்பார்கள். இரவில் குறிப்பிட்ட விண்மீன்கள் உதிப்பதும் மறைவதும்தான் கடிகாரம். இப்போது பெரும்பாலும் கைக்கடிகாரம் வந்துவிட்டது. இங்கே பங்கு போடப்படுவது நேரம், அளவு அல்ல. ஆகவே வறட்சியில் யாருடைய முறையும் குறைவதில்லை; வாய்க்காலில் வரும் நீர்தான் குறைகிறது, பங்கு உள்ள அத்தனை பேருக்கும் ஒரே விகிதத்தில். பஞ்சம் வரும்போது புதிதாகக் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பேரீச்சை மரங்களை முதலில் காப்பாற்றிவிட்டு, பருவப் பயிர் போடும் கடைப்பகுதி நிலத்தைத் தரிசாக விட்டுவிடுவார்கள்.

பங்குகளில் பெரும்பகுதி குடும்பங்களுக்குச் சொந்தம். கொஞ்சம் பள்ளிவாசலுக்கு எழுதிவைத்த வக்ஃபு. மீதி ஃபலஜுக்கே சொந்தம். வாய்க்கால் தானே ஒரு சொத்துக்காரர்! பல ஊர்களில் அதற்கு நிலமும் பேரீச்சை மரங்களும்கூட உண்டு. அவற்றையும் தண்ணீர்ப் பங்கையும் ஏலத்தில் குத்தகைக்கு விட்டு வரும் பணத்தில்தான் வெள்ளம் அடித்துப் போட்ட மண்ணைத் தூர்வாருவதும், சரிந்த சுரங்கத்தைக் கட்டுவதும் நடந்தன. நிர்வாகி ‘வகீல்’, முறை பார்த்துத் தண்ணீர் திருப்பும் ‘அரீஃப்’, நம் ஊர் நீர்க்கட்டியேதான். சுரங்க வேலைக்கென்றே பேர்பெற்றவர்கள் அவாமிர் குலத்தினர். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூரில் ஏரி வாரியம் பார்த்த வேலையை இங்கே இவர்கள் பார்த்திருக்கிறார்கள். பொறியியலை வியக்கும் பலர் இந்தக் கணக்குப் புத்தகத்தைக் கவனிப்பதில்லை. சுரங்கத்தை வெட்டியவர்களின் திறமை எவ்வளவு பெரியதானாலும், ஆண்டுதோறும் தூர்வார ஒரு நிரந்தர வரும்படி இல்லையென்றால் ஃபலஜ் சில தலைமுறைகளுக்குள் மண்மூடிப் போயிருக்கும் என்பதே என் எண்ணம்.

1990களின் பிற்பகுதியில் ஓமான் அரசு எடுத்த கணக்கில் 4,112 ஃபலஜ்கள் தேறின. அவற்றில் 3,017 அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. 2006-இல் நிஸ்வாவின் ஃபலஜ் தாரிஸ், பிர்கத் அல் மவ்ஸின் ஃபலஜ் அல் கத்மைன் உள்ளிட்ட ஐந்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், அமீரகத்தின் அல் ஐனில், ஹீலி பகுதியில் கண்டெடுத்த ஃபலஜுக்கு ஏறத்தாழ 3,000 வயது.

எண்ணெய்ப் பணம் வந்தபின் கதை மாறியது. சவுதி அரேபியா 1968-இல் தரிசு நிலங்களைப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தது; பயிர் செய்து காட்டியவருக்கே நிலம் சொந்தமானது. அமீரகமும் தன் குடிமக்களுக்குத் தோட்ட நிலம் வழங்கியது. நிலத்தோடு பம்ப்செட்டும் வந்தது. சவுதியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த நிலத்தடி நீரில் கோதுமை விளைந்து, 1990களின் தொடக்கத்தில் ஏற்றுமதியே ஆனது. பின்னர் நீருக்குப் பயந்து உள்ளூர்க் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைத்து 2016-இல் நிறுத்தினார்கள். அபுதாபி 2010-இல் ரோட்ஸ் என்ற தீவனப் புல்லுக்குக் கொடுத்துவந்த மானியத்தை நிறுத்தியது. 2016-இல் நிலத்தடி நீர் அபுதாபியின் சொத்து என்று சட்டம் போட்டது. நிலத்தைத் தாராளமாகக் கொடுத்த அரசுகள், தண்ணீர் யாருடையது என்ற கேள்விக்கு ஒரு தலைமுறை கழித்துத்தான் வந்து சேர்ந்தன. ஓமானிலோ தாய்க் கிணற்றைச் சுற்றிப் புதுக் கிணறு வெட்டத் தடை உண்டு.

இன்றும் ஓமானில் ஏலம் நடக்கிறது. தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவர் பல இடங்களில் வங்கதேசத்திலிருந்து வந்த தொழிலாளி. தோட்டக்காரரின் பிள்ளைகளுக்கு மஸ்கட்டில் வேலை. தோட்டத்தை நம்பிப் பிழைப்பவர் குறைந்தால் ஏலத்தில் போட்டியும் குறையும். பெரிய பழுதுகளுக்கு இப்போது அரசே பணம் தருகிறது. அது தேவையான உதவிதான். ஆனால் ஏலத்தொகை ஊர்க் கணக்கில் ஏறி, அந்தப் பணத்தில் தூர்வாரும்வரைதான் வகீலிடம் கணக்குக் கேட்க ஊராருக்குக் காரணம் இருக்கும்.