கிறிஸ்தவப் பல்கலைக் கழகங்களில் வாணிபமும் பொருளாதாரமும்

உத்தியோக நிமித்தம் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் காலத்தில் ஆண்டுதோறும் எழும் கேள்வி ஒன்றை இன்று நாம் ஆராய்வோம். வாணிபமோ பொருளாதாரமோ பயில விரும்பும் மகனையோ மகளையோ, கிறிஸ்தவ சபையார் நடத்தும் பல்கலைக் கழகத்திற்கு அனுப்பலாமா? அங்கே கற்பிக்கப்படுவது யாது? பிற சமயத்து மாணவர்களின் நிலை என்ன? செலவிடும் பணத்திற்கு ஈடான பட்டம் கிடைக்குமா? உறவினரை அருகில் வைத்துக்கொண்டு கலந்து பேசும் வசதியில்லாத பெற்றோருக்கு இவை சிறிய கேள்விகள் அல்ல.

முதலில் ஒரு வேற்றுமையைத் தெளிவு செய்துகொள்வது நலம். கல்லூரி நடத்துவது வேறு. பட்டம் வழங்கும் உரிமை பெற்றிருப்பது வேறு. வங்காளத்துச் சேரம்பூரில் வில்லியம் கேரியும் அவருடைய தோழர்களும் 1818-ல் ஒரு கல்லூரியை நிறுவினார்கள். சேரம்பூர் அந்நாளில், நமது தரங்கம்பாடியைப் போலவே, டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்தது. 1827-ல் அவ்வரசர் அளித்த சாசனத்தினால் அக்கல்லூரிக்குப் பட்டமளிக்கும் உரிமை கிட்டியது. ஆயினும் அது பெரும்பாலும் சமயக் கல்விக்கே பயன்பட்டது. பின்னர் நாட்டில் எழுந்த புகழ்வாய்ந்த கிறிஸ்தவக் கல்லூரிகள் பலவும் வேறொரு பல்கலைக் கழகத்தின் உறுப்புகளாகவே இயங்கின. 1881-ல் தோன்றிய தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் இன்று பயில்வோர் பெறுவதும் தில்லிப் பல்கலைக் கழகத்தின் பட்டமே.

தாமே பட்டமளிக்கும் கிறிஸ்தவப் பல்கலைக் கழகங்கள் அண்மைக் காலத்தில்தான் பெருகின. பெங்களூரில் 1969-ல் கிறைஸ்ட் கல்லூரி என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், 2008-ல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமாயிற்று. அதனை நடத்துவோர் கேரளத்தில் 1831-ல் தோன்றிய சி.எம்.ஐ. துறவியர் சபையினர். புவனேசுவரத்தில் 1987-ல் ஏசு சபையார் தொடங்கிய நிர்வாகவியல் நிலையம் 2013-ல் பல்கலைக் கழகமாகி, இப்பொழுது எக்ஸ்.ஐ.எம். பல்கலைக் கழகம் என்று வழங்குகிறது. கொல்கத்தா செயின்ட் சேவியர்ஸ் பல்கலைக் கழகம் மாநிலச் சட்டத்தின்படி 2017-ல் அமைந்தது. இவை மூன்றிலும் வாணிபமும் நிர்வாகமும் முதன்மையான பாடங்களுள் அடங்கும்.

இனிப் பாடங்களைப் பார்ப்போம். வாணிபம், பொருளாதாரம், நிர்வாகவியல் ஆகிய மூன்றும் ஒன்றே என நினைப்பவர் பலர். ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். மராட்டிய மாநிலத்து லாசல்காவ் சந்தையில் வெங்காயத்தின் விலை ஏறுகிறது என்று கொள்வோம். விலை ஏன் ஏறியது, மழை தவறியதாலா, ஏற்றுமதியாலா, பதுக்கலாலா, அதனால் ஏழையின் குடும்பச் செலவு எவ்வளவு மாறும் என்று கேட்பது பொருளாதாரம். அவ்வெங்காயத்தை வாங்கி விற்றவர் கணக்கை எவ்வாறு எழுத வேண்டும், வரி எவ்வளவு, கடனுக்கு வட்டி எவ்வளவு என்று கேட்பது வாணிபம். அழுகாமல் சேமிப்பது எப்படி, ஆட்களை அமர்த்துவது எப்படி, எந்த ஊருக்கு எப்பொழுது அனுப்புவது என்று கேட்பது நிர்வாகவியல்.

இவ்வேற்றுமையை அறியாமல் சேர்ந்தால் பின்னால் வழி அடைபடும். பொருளாதாரத்தில் உயர்படிப்பை நாடுவோர் பள்ளியிலேயே கணிதத்தைக் கைவிடலாகாது. தில்லிப் பல்கலைக் கழகத்தின் பொருளாதாரச் சிறப்புப் பட்டத்திற்குக் கணிதம் கட்டாயம். மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதப் பொருளாதாரத்திலோ அதனைச் சார்ந்த துறையிலோ முதுகலைப் பட்டம் வேண்டும்; பி.காம். மட்டும் போதாது. பட்டயக் கணக்கர் ஆவதற்கோ பல்கலைக் கழகப் பட்டத்திற்கு அப்பால் தனித் தேர்வுகள் உண்டு.

கிறிஸ்தவ நிறுவனம் என்பதனால் பாடத்தில் வேற்றுமை உண்டா? கணக்கும் புள்ளியியலும் எங்கும் ஒன்றே. வேற்றுமை இருப்பின், அது லாபம் யாருக்காக என்ற கேள்வியைப் பாடத்திட்டத்திற்குள் கொண்டுவருவதில் உள்ளது. இதற்குச் சிறந்த சான்று ஜாம்ஷெட்பூர். உருக்காலை நகரமான அவ்வூரில் 1949-ல் ஏசு சபையார் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. என்னும் நிலையத்தை ஏற்படுத்தினர். அப்பெயரில் ‘எல்’ என்ற எழுத்து தொழிலாளரையும் ‘ஆர்’ என்பது உறவையும் குறிக்கும். முதலாளி, தொழிலாளி ஆகிய இரு தரப்பாரும் ஒருவர் நிலையை ஒருவர் உணர்வதற்கு வழி காண்பதே அதன் தொடக்க நோக்கம். இன்றும் அங்கு நிர்வாகவியல் மாணவர்கள் ஒழுக்க நெறியைப் பாடமாகப் பயில்கின்றனர். கிராமங்களில் தங்கி, அங்குள்ள வாழ்க்கையை நேரில் காண்கின்றனர். அந்நிலையம் பல்கலைக் கழகம் அன்று. அது வழங்குவது பட்டயம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். எனினும், நெறியைப் பாடமாக வைத்த மாத்திரத்தில் மாணவர் யாவரும் நெறியாளர் ஆகிவிடுவர் என்று நாம் சொல்ல மாட்டோம். கேள்வி காதில் விழுந்திருக்கும். பின்னர் அதற்கு விடை கூறுவது அவரவர் பொறுப்பு.

சமயம் பற்றிய ஐயத்திற்கு நமது அரசியல் சட்டமே விடை தருகிறது. அதன் 30-ஆம் பிரிவு சிறுபான்மையோர் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை அளிக்கிறது. 28-ஆம் பிரிவோ, அரசின் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் எந்த மாணவரையும் அவருடைய சம்மதமின்றிச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளும்படி வற்புறுத்தலாகாது என்கிறது. வயது வராதவராயின் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். நடத்துவோரின் உரிமையும் பயில்வோரின் உரிமையும் இவ்வாறு அருகருகே வைக்கப்பட்டுள்ளன. இந்நிலையங்களில் பயில்வோருள் பிற சமயத்தார் ஏராளம்.

முடிவு செய்யுமுன் பெற்றோர் நான்கு செய்திகளைக் கேட்டறிதல் வேண்டும். பட்டம் வழங்குபவர் யார்? அதற்குப் பல்கலைக் கழக மானியக் குழுவின் ஏற்பு உண்டா? விடுதிச் செலவுடன் எல்லா ஆண்டுகளுக்கும் மொத்தக் கட்டணம் எவ்வளவு? சலுகையோ உதவித்தொகையோ கிடைக்குமா? பெங்களூர் நிறுவனத்திற்குத் தில்லியை அடுத்தும் புனேயை அடுத்தும் வளாகங்கள் இருப்பதால், பாடம் நடைபெறும் இடத்தையும் விசாரிப்பது நன்று.

கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்திற்கு, வீட்டுக்கு அருகிலுள்ள அரசுக் கல்லூரியும் குறைவானதன்று. நிலையத்தின் பெயரைப் பார்க்கிலும், பிள்ளை எந்தக் கேள்வியை விரும்புகிறான், எந்தக் கேள்வியை விரும்புகிறாள் என்பதே முதலில் அறியத்தக்கது. விலை ஏன் ஏறியது என்பதா, கணக்கு எவ்வாறு நேராகும் என்பதா, வேலை எவ்வாறு நடக்கும் என்பதா? அது தெரிந்துவிட்டால், மற்ற விசாரணைகள் எளிதாகும்.